பிரளயம் லிஃப்டில் மாட்டிக்கொண்டது

கடையில் அவரை எல்லோரும் பிரளயம் சார் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டிப் பேசுகிற முரட்டு ஆளை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒல்லியான மனிதர். முன்மண்டையில் வழுக்கை. தும்மினால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். அவர் தெருவைக் கடப்பதே தனி நிகழ்ச்சி. வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி வலது பக்கம் பார்ப்பார். அதற்குள் நான் எதிர்ப்பக்கம் போய் இரண்டு பேருக்கும் டீ சொல்லியிருப்பேன்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நான் முன்னறையில் கண் பரிசோதனை செய்கிறவள். அவர் பின்னறையில் லென்ஸை ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிறவர். வட்டமாக வரும் லென்ஸின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் காட்டிக் காட்டி ஃபிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போட்டுக்கொள்பவரின் கண்மணி எங்கே இருக்கிறதோ அங்கே லென்ஸின் நடுப்புள்ளி வந்து நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் அவருக்குத் தலைவலி, நமக்குத் திட்டு. நான் எழுதிக் கொடுக்கும் எண்களை நம்பாமல் பின்னறையிலிருந்து எழுந்து வந்து, "இது ஒண்ணா, ஏழாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சக்கரத்தைச் சுழற்றுவார். இத்தனை வருஷத்தில் அவர் மாட்டிய லென்ஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேனாவைத் திறந்தால் அளவுகோலை ஜன்னல் வழியாக வீசிவிடுவார்.

ஒரு வார இதழில் வெகுகாலமாகத் தொடர்கதை எழுதி வருகிறார். எல்லாமே உயிர் பிழைக்கும் கதைகள். நடுக்கடலில் ஓட்டை விழுந்த படகு, இடிந்த சுரங்கம், பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்த பயணி. பிரளயம் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட புனைபெயர். "அந்தப் பள்ளத்தில் அவன் போட்ட கல், அவனுடைய பேரன் காலத்தில்தான் தரையைத் தொடும்" என்று எழுதுவார். "ஒரு நொடி கழிந்தது, அதற்குள் அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது" என்று எழுதுவார். ஒரு கதையில் குளிர் தாங்காமல் கதாநாயகனின் நிழல் உறைந்து, அவன் நடந்தபோது இரண்டாக உடைந்தது. நான் அந்த இதழை எடுத்துக்கொண்டு நேரே பின்னறைக்கே போய்விட்டேன்.

"என்ன சார் இது? நிழல் உடையுமா?"

அவர் சக்கரத்தை நிறுத்தினார். "படிக்கிறவங்க எங்கம்மா உக்காந்திருக்காங்க? ஃபேனுக்குக் கீழ, காலை நீட்டிக்கிட்டு, எதையாவது கொறிச்சுக்கிட்டு. அவங்களை அங்கேருந்து தூக்கிப் பனியில போடணும்னா கொஞ்சம் பலமாத்தான் தள்ளணும். பத்தடி பள்ளம்னு எழுதினா அவங்க ரெண்டடிதான் விழுவாங்க. மிச்ச எட்டடியைக் காகிதம் குடிச்சிடும்."

"அதுக்காக நிழலையா உடைப்பீங்க?"

"காலை உடைச்சா என் வீட்டுக்காரி விடமாட்டேங்கறாளே" என்றார்.

அது உண்மைதான். அவர் மனைவிக்கு ரத்த வங்கியில் வேலை. கொடுப்பவர்களைப் படுக்க வைத்து, ஊசி போட்டு, பை நிறையும்வரை பக்கத்தில் நிற்கிறவர். இதழ் வந்ததும் முதலில் படிப்பது அவர்தான். படித்துவிட்டுக் கணவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைச் சொன்னால் நானும் பிரளயம் சார் மாதிரி எழுதுகிறேன் என்பார்கள்.

"என்னங்க, உங்க ஆளு போன மாசத்துலேர்ந்து ஒழுகவிட்ட ரத்தத்தைக் கூட்டிப் பாத்தேன். பதினோரு லிட்டர் வருது. மனுஷன் உடம்புல இருக்கிறதே அஞ்சு, அஞ்சரைதான். மீதியை யார் கொடுத்தாங்க?"

"நடுவுல ஊறியிருக்கும்."

"கிணறா ஊறுறதுக்கு?"

கூடத்து நாற்காலியிலிருந்து இன்னொரு குரல் வரும். அது மாமியார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து மகள் வீட்டில் இருக்கிறார். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. "மாப்பிள்ளை, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. போன வாரம் அவன் ஒரு வாரமாப் பட்டினின்னு எழுதினீங்க. இந்த வாரம் ஏப்பம் விடறான். நடுவுல எதாவது சாப்பிட்டானா, இல்ல நான் ஒரு பக்கத்தைத் தவற விட்டுட்டேனா?"

மாப்பிள்ளை பாத்திரம் கழுவப் போய்விடுவார். மாமியார் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பார் என்பதும், நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது பனிப்பிளவுத் தொடர் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது. மலையேறப் போன ஒருவன் பனிக்கட்டி வெடிப்புக்குள் விழுந்து, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். தொங்க ஆரம்பித்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஒருநாள் மனைவி சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு அத்தியாயம், உள்ளது உள்ளபடி எழுதிப் பாருங்க. ஒரு மனுஷன் கயித்துல தொங்கறான். அதுக்கு மேல என்ன வேணும்? அதுவே போதும் பயப்படறதுக்கு."

இவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினார். பிளவின் ஆழம் முப்பதடி. கயிறு நல்ல கயிறு. அவன் கை வலித்தது. சற்று ஓய்வெடுத்துவிட்டு மேலே ஏற முயன்றான். இப்படியே நாலு பக்கம். மனைவி படித்துவிட்டு, "இப்பதான் நம்பற மாதிரி இருக்கு" என்றார். மாமியார் படித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார்.

இதழின் ஆசிரியர் கடைக்கே போன் பண்ணினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எதிர்முனைக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"என்ன சார், உடம்பு சரியில்லையா? இது தொடர்கதையா, கயிறு விக்கறவன் கொடுத்த குறிப்பா? திங்கக்கிழமைக்குள்ள வேற எழுதிக் கொடுங்க. கொஞ்சம் தூக்கி எழுதுங்க சார், தூக்கி!"

போனை வைத்துவிட்டுப் பிரளயம் சார் பின்னறைக்குப் போனார். சக்கரத்தைப் போட்டுவிட்டு, லென்ஸை எடுக்காமல், சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு எழுத ஓடவில்லை. பெரிதாக எழுதினால் வீட்டுக்காரியின் பார்வை நினைவுக்கு வந்தது. சிறிதாக எழுதினால் ஆசிரியரின் குரல் கேட்டது. மலையேறப் போனவன் பாவம், நடுவில் தொங்கினான்.

சனிக்கிழமை மதியம் மாமியாரைக் கடைக்கு அழைத்து வந்தார். தூரப் பார்வைக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் வைத்து அவரே செய்திருந்தார். புதிதாக அதைப் போடுகிறவர்களுக்குச் சில நாள் கீழே பார்த்தால் தரை தள்ளித் தெரியும். நான் அதைப் பக்குவமாகச் சொன்னேன். மாமியார் கடைப் படியில் நின்று கீழே பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, உங்க கதையில வர்ற பள்ளமெல்லாம் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்ததுதானா?" என்று கேட்டார். கடையில் இருந்த வாடிக்கையாளர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். பிரளயம் சார் சொன்னதில் பாதியைக் கழித்து, அவர் மனைவி சொன்னதில் கொஞ்சம் கூட்டி, மாமியார் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வீடு ஆறாவது மாடி. பழைய கட்டடம். நடுவில் லிஃப்ட், அதைச் சுற்றிப் படிக்கட்டு. லிஃப்டுக்கு இழுத்துச் சாத்துகிற இரும்பு அழிக்கதவு. பிரளயம் சார் எப்போதும் படியில்தான் ஏறுவார். உடம்புக்கு நல்லது என்று காரணம் சொல்வார். உண்மையில் அவருக்கு லிஃப்ட் என்றால் பயம். அன்றைக்கு மாமியாரின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. புதுக்கண்ணாடி வேறு. வேறு வழியில்லாமல் கூடவே ஏறினார்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. மாமியார் அழிக்கதவின் அடியில் தெரிந்த இடைவெளியைப் புதுக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அடுத்து, ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த அந்தக் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. ஆறாவது மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். மூன்றாவது மாடி நடையில் மண்டியிட்டுக் குனிந்தால் உள்ளே இருப்பவர்களின் தலை மட்டும் தெரிந்தது. முதலில் கணவரின் வழுக்கை.

"மெக்கானிக்குக்குச் சொல்லிட்டேன். பக்கத்துத் தெருவுலதான் வேலையா இருக்காராம், முடிச்சிட்டு வர்றாராம். அம்மா எப்படி இருக்காங்க?"

அம்மா நன்றாக இல்லை. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து காற்றை அள்ளிக்கொண்டிருந்தார். அழிக்கதவு வழியாகக் காற்று தாராளமாக வந்தது, ஆனால் அது அவருக்குத் தெரியவில்லை.

பிரளயம் சார் தைரியம் சொல்ல ஆரம்பித்தார். பின்னறை மனிதராயிற்றே, துல்லியமாகச் சொன்னார். "அத்தை, பயப்படாதீங்க. இதுல ஒரு கயிறு இல்ல, பல கயிறு இருக்கும். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும். எல்லாமே அறுந்தாக்கூட, அடியில ஒரு பிரேக் இருக்கு, அது பிடிச்சிக்கும்."

மாமியார் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். "அறுந்துடுமா?"

"இல்லத்தை, அறுந்தா—"

"ஐயோ!"

மேலேயிருந்து மனைவி கத்தினார். "என்னங்க, நீங்க விளக்கம் சொல்ல வேண்டாம்! வேற ஏதாவது பேசுங்க. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. கதை சொல்லுங்க!"

பயம் பிரளயம் சாருக்கும் குறைவில்லை. ஆனாலும் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று அடக்கமாகவே ஆரம்பித்தார். "நம்ம ஆளு கயித்துல தொங்கறான். பிளவு முப்பதடி ஆழம். கயிறு நல்ல கயிறு..."

"இதான் நான் தூங்கிட்டேனே!" என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கு உயிரே போகுது. முப்பதடியாம் முப்பதடி. அவன் விரல் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

பிரளயம் சார் தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தார்.

"விரலே இல்லத்தை. விரல் இருந்த இடத்துல பத்து ஊசி இருக்கு. கை அவனோடது இல்ல, யாரோ கழட்டிக் கொண்டுவந்து மாட்டின மாதிரி இருக்கு."

"ஆமா" என்றார் மாமியார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு. அப்புறம்?"

"இதயம் அடிக்கிற சத்தம் பிளவு முழுக்க எதிரொலிக்குது. மேல மலைச்சரிவுல இருக்கிற பனியெல்லாம் அந்தச் சத்தத்துல அதிருது. இன்னும் ரெண்டு தடவை பலமா அடிச்சா மலையே சரிஞ்சிடும். அதனால அவன் என்ன பண்றான், இதயத்தைக் கெஞ்சறான். மெதுவா அடிப்பா, மெதுவா அடிப்பாங்கறான்."

"கெஞ்சினா கேக்குமா?"

"மூச்சை மெதுவா விட்டாக் கேக்கும். அவன் மெதுவா விடறான். பாருங்க, இப்படி."

அவர் விட்டுக் காட்டினார். மாமியாரும் விட்டார். மேலே மண்டியிட்டிருந்த மகள், தான் ரத்தம் எடுக்கும்போது பயந்தவர்களிடம் செய்வதைத்தான் இவர் மலையை வைத்துச் செய்கிறார் என்று புரிந்துகொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பிரளயம் சாரை யாராலும் பிடிக்க முடியவில்லை. காற்று வந்தது. சாதாரணக் காற்றில்லை, கேட்டவன் தன் பெயரையே மறந்துபோகும் ஊளை. கயிற்றில் ஒரு இழை அறுந்தது, அந்தச் சத்தம் ஏழு மலை தாண்டிக் கேட்டது. கடைசியில் ஒரு பனிக்கரடியும் வந்தது. ஒற்றைக்கண். அந்தக் கண் மட்டுமே ஒரு குடம் அளவு.

"இருங்க, இருங்க" என்றார் மாமியார். குரல் திரும்பியிருந்தது. "பிளவுக்குள்ள கரடி எப்படி வந்துச்சு?"

"அதுவும் விழுந்துடுச்சு அத்தை."

"எப்ப?"

"இவனுக்கு முன்னாடியே. அதான் பசியா இருக்கு."

"வாசனை வந்திருக்குமே, போன வாரமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

பிரளயம் சார் ஒரு கணம் யோசித்தார். "வந்துச்சு. நனைஞ்ச சாக்கு மாதிரி. அவன் தன் சட்டைதான் நாறுதுன்னு நெனச்சுக்கிட்டான்."

மாமியார் ஒத்துக்கொண்டார். ஒரு குடம் அளவு கண்ணை நம்பாதவர், நனைந்த சாக்கு வாடையை நம்பிவிட்டார். அதன்பின் கண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. சக்கரத்தில் தேய்த்த லென்ஸ் ஃபிரேமுக்குள் சரியாக உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அது மாதிரி தனக்குள் கேட்டது என்று பிரளயம் சார் என்னிடம் சொன்னார். கூடவே, "பயந்தவங்களுக்கு அளவெல்லாம் கிடையாதும்மா. முப்பதடின்னு நான் சொன்னதுதான் பொய். அவங்களுக்கு அது அவ்வளவு ஆழமாத்தான் இருந்துச்சு" என்றார்.

இதற்குள் படிக்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது மாடித் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து, "கரடி எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? நான் முதல்லேர்ந்து கேக்கல" என்றார். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மனைவியே தலையைக் குனிந்து, "கரடி அவன் தோளைக் கீறட்டும்ங்க" என்றார்.

உள்ளே இருந்த வழுக்கை நிமிர்ந்தது. "ரத்தம் வருமே?"

"வரட்டும். இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் வரட்டும்."

மெக்கானிக் வந்தபோது படிக்கட்டில் வழி இல்லை. தள்ளித் தள்ளி மேலே ஏறி, மொட்டை மாடி இயந்திர அறையில் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இரண்டாவது மாடிக்கு நேராக நின்றது. கதவைத் திறந்து, "வாங்கம்மா, வெளிய வாங்க" என்று கையை நீட்டினார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்றார் மாமியார். "அவன் மேல வந்துட்டானான்னு தெரிஞ்சிக்கிட்டு வர்றேன்."

திங்கட்கிழமை அத்தியாயம் போனது. ஆசிரியர் போனில் "சார்!" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், ஆனால் அதை மிகவும் நீட்டிச் சொன்னார். மனைவி படித்துவிட்டுப் பதினோரு லிட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமியார் படித்துவிட்டு, "நான் கேட்டப்போ இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார். அதற்குள்ளே ஒரு பாராட்டு ஒளிந்திருப்பதை மாப்பிள்ளை கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. மாமியார் போனை எடுத்துவிட்டார். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், ஒருவர் பாக்கியில்லை. முதல் அழைப்பில் லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. மத்தியானத்துக்குள் ஐந்தாவது மாடியிலிருந்து சரிந்தது. சாயங்காலம் ஒரே ஒரு கம்பியில் தொங்கியது, புகை வேறு. மெக்கானிக் வர அரை மணி ஆனது என்று மகள் சொல்கிறார். மாமியாரின் கணக்கில் வெளியே வரும்போது பொழுதே சாய்ந்துவிட்டது.

பிரளயம் சாருக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, புகை இல்லையே. கம்பியும் ஒண்ணு மட்டும் இல்லை."

"நீங்க எழுதினா கதை, நான் சொன்னாப் பொய்யா மாப்பிள்ளை?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் இருக்கும் மைத்துனரிடமிருந்து போன் வந்தது. பிரளயம் சார்தான் எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, அம்மா எல்லாம் சொன்னாங்க. நீங்க லிஃப்ட்ல மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களாமே? அம்மாதான் கதை சொல்லித் தேத்துனாங்களாமே?"

பிரளயம் சார் கூடத்தை எட்டிப் பார்த்தார். மாமியார் புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதையும் கேட்காதவர் மாதிரி பத்திரிகையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைப் பிடித்திருந்த கைகளை அவர் ஒரு கணம் பார்த்தார். லிஃப்டில் யார் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். லிஃப்ட் நின்ற அந்த முதல் கணத்தில் அவருக்கும் கண் இருட்டத்தான் செய்ததாம்.

"ஆமா மச்சான்" என்றார் போனில். "அத்தை மட்டும் இல்லன்னா என் கதை முடிஞ்சிருக்கும். மயக்கம் ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

கூடத்துப் பத்திரிகை சற்றே தாழ்ந்தது.

"மூணு" என்றது மாமியாரின் குரல்.